எடையா, கூரா? – அம்பின் அலகும் வேட்டைச் சட்டமும்

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அரபுக் கல்லூரிகளில் நெடுங்காலமாக ஓதிக் கொடுக்கப்பட்டு வருவது. அந்நூலில் வேட்டையையும் அறுப்பையும் பற்றிய பாடத்தை ஆசிரியர்களாகிய நாங்கள் வழக்கமாக விரைந்து கடந்துவிடுவோம். தொழுகைக்கும் ஜகாத்துக்கும் வாரிசுரிமைக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கைக்கூட இதற்கு ஒதுக்குவதில்லை. இந்தக் காலத்தில் வில்லெடுத்து வேட்டைக்குப் போகிறவர் யார் என்ற எண்ணமே காரணம். அறுப்புப் பற்றிய சட்டங்களை மட்டும் நிறுத்தி விளக்கிவிட்டு, வேட்டை பற்றிய வரிகளைச் சொற்பொருள் கூறி நகர்த்திவிடுவது எனக்கும் பல ஆண்டுப் பழக்கம்.

ஒருநாள் அப்படி நகர்த்த முடியாமல் போயிற்று. எவ்வகையில் இறந்த வேட்டைப் பிராணி உண்ணத் தகாதது என்று இமாமவர்கள் வரிசையாகக் கூறுமிடம் அது. கனமான பொருள் தாக்கி இறந்தது, கூரிய பொருளாயினும் அதன் கூரால் அன்றிக் கனத்தால் இறந்தது என்று சொல்லிக்கொண்டே வந்து, களிமண் உருண்டை, சாட்டை ஆகியவற்றோடு, அலகும் கூரும் இல்லாத அம்பையும் அவர்கள் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், அலகே இல்லாத அம்பை யார் எய்வார்கள்? எதற்கு எய்வார்கள்?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. என்னிடம் விடை இல்லை. அரபியில் அம்பலகுக்கு ‘நஸ்ல்’ என்று பெயர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நஸ்லை நான் கையில் எடுத்துப் பார்த்தவன் அல்லன். அது எத்தனை வகை, எவ்வளவு எடை, எந்த விலங்குக்கு எது என்பன பற்றி ஒன்றும் அறியாமலேயே அந்த வரியை ஆண்டுதோறும் ஓதிக் கொடுத்திருக்கிறேன். அன்று மாலை தொடங்கிய தேடலில் கிடைத்தவையே இக்கட்டுரை.

சட்டத்தின் வேர் அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் இருக்கிறது. கொடைக்குப் பெயர்பெற்ற ஹாத்திம் தாயின் மகன் அவர். தய்யி குலத்தவர். அவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட கேள்விகள் வேட்டைக்காரனின் கேள்விகளாகவே இருக்கின்றன. பயிற்சி பெற்ற நாயை அனுப்புகிறோம், அது பிடித்து வருவதை உண்ணலாமா? வேறொரு நாயும் சேர்ந்துகொண்டால்? எய்த பிராணி மறுநாள் கிடைத்தால்? தண்ணீரில் விழுந்து கிடந்தால்? அவற்றுள் ஒன்று ‘மிஅராள்’ என்னும் எறிபடை பற்றியது. அது தன் கூரால் தாக்கினால் உண்ணலாம், அகலவாட்டில் தாக்கிக் கொன்றால் அது அடிபட்டுச் செத்தது, உண்ண வேண்டாம் என்பது அண்ணலார் அளித்த விடையின் கருத்து. புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. அடிபட்டுச் செத்ததற்கு ஹதீஸில் வரும் சொல் ‘வகீத்’. அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் விலக்கும் ‘மவ்கூதா’வும் அதே வேரிலிருந்து வருவதுதான்.

அந்த மிஅராள் என்பது என்ன? இங்கேதான் வேடிக்கை. இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் ‘ஃபத்ஹுல் பாரீ’யில் இதற்கு முன்னோர் கூறிய பொருள்களைத் தொகுத்துத் தருகிறார்கள். அரபு அகராதிக் கலையின் தந்தை கலீல் பின் அஹ்மத், இறகும் அலகும் இல்லாத அம்பு என்றார். ஹிஜ்ரி 321இல் மறைந்த இப்னு துரைத், மெல்லிய நான்கு இறகுகள் உடைய நீண்ட அம்பு, எய்தால் குறுக்கே திரும்பிவிடும் என்றார். ஹிஜ்ரி 388இல் மறைந்த கத்தாபீ, கனமும் திண்மையும் உடைய அகன்ற அலகு என்றார். இரு நுனியும் மெலிந்து நடுவில் தடித்த கோல் என்பாரும் உளர். நவவீ இமாமோ முஸ்லிம் விரிவுரையில், முனையில் இரும்பு பொருத்திய கனத்த மரக்கோல், சிலவேளை இரும்பு இல்லாமலும் இருக்கும் என்பதே சரியானது என்று முடிவு கூறுகிறார்கள்.

முதல் வாசிப்பில் எனக்கு இது சலிப்பையே தந்தது. ஒரே சொல்லுக்கு ஐந்து பொருள், ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்று நினைத்தேன். வில்வித்தையின் இயல்பைக் கொஞ்சம் படித்த பிறகு மீண்டும் பார்த்தபோது வேறொன்று தோன்றியது. அம்பு கூர்முனை முன்னோக்கி நேராகப் பறக்க வேண்டுமானால் தலைப்பக்கம் சற்றுக் கனக்க வேண்டும், வால்பக்கம் இறகு காற்றைப் பிடித்து நிறுத்த வேண்டும். அலகும் இறகும் இல்லையென்றால் கோல் தன் போக்கில் புரளும். கலீல் கூறியது இதை. இறகு மெல்லியதாக இருந்து கோல் நீண்டிருந்தால் வாலை நேர்நிறுத்த ஆற்றல் போதாது. அது குறுக்கே திரும்பும். இப்னு துரைத் கூறியது இதை. கனம் தலையில் இல்லாமல் நடுவில் இருந்தால் எந்த முனை முன்னே போகும் என்று சொல்ல முடியாது. அலகு மிக அகன்றிருந்தால் அதுவே இறகுபோலக் காற்றைப் பிடித்து அம்பை வழிவிலக்கும். அதோடு கனமும் சேர்ந்தால், கூர் படாமல் பக்கம் பட்டாலும் சிறு பிராணியைக் கொன்றுவிடப் போதுமானது. கத்தாபீ கூறியது இதைத்தான் என்பது என் கருத்து. ஆக, அவர்கள் ஐந்து வெவ்வேறு பொருள்களைப் பற்றி வாதிடவில்லை. ஓர் எறிபடை கூரால் தாக்காமல் அகலத்தால் தாக்குவதற்கு உள்ள வழிகளை, அவரவர் நாட்டில் கண்ட கருவியைக் கொண்டு சொன்னார்கள். மிஅராள் என்ற சொல்லே அகலம், குறுக்கு எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்ததுதான்.

அக்கால மதீனாவில் அம்பு அன்றாடப் பொருள். பள்ளிவாசலுக்குள் அம்புகளோடு செல்பவர் பிறர்மீது கீறல் படாதபடி அலகுகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக ஹதீஸ் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவர் அலகு வெளியே நீட்டிக்கொண்டிருக்க நடந்து வருவது அங்கு இயல்பான காட்சி என்று இதனால் அறிகிறோம். பழகிய பொருளுக்குப் பெயர்களும் பெருகும். நீண்டு, அகலமின்றி இருக்கும் அலகு ‘மிஷ்கஸ்’. அதுவே அகன்றிருந்தால் ‘மிஅபலா’. ஹதீஸின் அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் ‘அந்நிஹாயா’வில் இப்னுல் அஸீர் (மறைவு ஹிஜ்ரி 606) இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் குறிக்கிறார். இலக்கை நோக்கிப் பயிற்சி செய்யும் அம்பின் குட்டையான, நாற்பட்டைச் சிற்றலகு ‘குத்பா’ எனப்படும். தமிழில் எழுதினால் ஜும்ஆ குத்பாவோடு குழம்பும், அரபியில் எழுத்தே வேறு. சிறுவர் பழகுவதற்கு அலகின்றி, தலை உருண்டையாக அமைந்த அம்பு ‘ஜும்மாஹ்’. தமிழில் இதை மொட்டம்பு என்போம். என் மாணவரின் கேள்விக்கு விடை கிடைத்தது. அலகில்லாத அம்பை எய்பவர்கள் இருந்தார்கள். சிறுவர்கள் பழகுவதற்கு எய்தார்கள்.

மிஷ்கஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அகழ்ப்போரில் அம்பு பட்டுக் கை நரம்பு அறுந்த சஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் தம் கையால் சூடிட்டது ஒரு மிஷ்கஸைக் கொண்டே என்று முஸ்லிமில் காண்கிறோம். அகன்ற அலகாக இருந்திருந்தால் அதற்குப் பயன்பட்டிராது. மெலிந்து நீண்ட முனைதான் புண்வாயில் துல்லியமாகப் படும். பெயர்த்து எழுதும்போது ‘அம்பு’ என்று பொதுவாக எழுதிவிட்டால் இந்த நுட்பம் மறைந்துவிடுகிறது.

வில்வித்தையைத் தனிக் கலையாக எழுதிவைத்தவர்கள் பிற்காலத்தவர்கள். சுல்தான் ஸலாஹுத்தீனுக்காக முர்ளா அத்தர்சூஸீ ஒரு போர்க்கருவி நூல் எழுதினார். அதன் கைப்படி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. அதன் பகுதிகளைப் பிரெஞ்சு அறிஞர் குளோட் காஹன் 1940களின் பிற்பகுதியில் பதிப்பித்தார். மம்லூக்கியர் காலத்தில் தய்புகா அல்பக்லமிஷீ 1368 அளவில் எழுதிய ‘குன்யதுத் துல்லாப்’ என்னும் நூலை லாதம், பேட்டர்சன் இருவரும் ஆங்கிலத்தில் 1970இல் வெளியிட்டனர். ஒருவர் அரபு மொழிப் புலவர், மற்றவர் வில் எய்யத் தெரிந்தவர். அத்தகைய நூலுக்கு அத்தகைய இருவர் வேண்டும் போலும். இந்நூல்களில் வில்லின் வலிமை ராத்தல் கணக்கிலும் அம்பின் எடை திர்ஹம் கணக்கிலும் பேசப்படுகின்றன. திர்ஹம் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ மூன்று கிராம். இரண்டுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்பதே கலையின் தொடக்கம்.

பொருத்தம் என்றால் என்ன? வலிய வில்லில் மிக இலேசான அம்பைத் தொடுத்தால் அம்பு துடிக்கும், செலவழியாத ஆற்றல் வில்லையே உலுக்கும். மெலிய வில்லில் கனத்த அம்பைத் தொடுத்தால் அது பாதி வழியில் தாழ்ந்துவிடும். இலேசான அம்பு விரைந்து தொலைதூரம் செல்லும், ஆனால் பட்ட இடத்தில் உந்துதல் இல்லாமல் நின்றுவிடும். கனத்த அம்பு மெதுவாகச் செல்லும், ஆனால் எலும்பில் பட்டாலும் ஊடுருவித் தொடரும். அலகைப் பொறுத்தும் இப்படியே. போரில் இரும்பு வளையச் சட்டையைத் துளைக்க ஒடுங்கித் திண்மையான முனை வேண்டும். அங்கு அகலம் இடைஞ்சல். வேட்டையில் கவசம் இல்லை, தோலும் தசையும்தான். அங்கு இரு விளிம்பும் தீட்டிய அகன்ற அலகு நாளங்களை அறுத்து இரத்தத்தை வெளியேற்றும். பிராணி தொலைவு ஓடாமல் விழும். மானுக்கு அகன்ற அலகு நன்று. தோல் தடித்து விலா பருத்த காட்டுக் கழுதைக்கு அவ்வளவு அகலம் ஆகாது. அகலம் கூடக்கூட உள்ளே செல்ல ஆற்றலும் கூடுதலாக வேண்டும், அதற்கு அம்பு கனக்க வேண்டும், அதற்கு வில் வலுக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசையும்.

இக்கலையை மனத்தில் வைத்துக்கொண்டு, காரிஜிய்யாக்கள் பற்றி அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகழ்பெற்ற ஹதீஸைப் பார்க்கலாம். வேட்டைப் பிராணியை ஊடுருவி அம்பு வெளியேறுவதுபோல் அவர்கள் மார்க்கத்திலிருந்து வெளியேறிவிடுவார்கள் என்ற உவமை பலர் அறிந்தது. அதன் தொடர்ச்சியை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. எய்தவன் அம்பை எடுத்து அலகைப் பார்க்கிறான், ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அலகு கோலில் நுழையும் இடத்தில் சுற்றிய தசைநார்க் கட்டைப் பார்க்கிறான், ஒன்றுமில்லை. கோலைப் பார்க்கிறான். இறகைப் பார்க்கிறான். சாணத்தையும் இரத்தத்தையும் அம்பு முந்திச் சென்றுவிட்டது. ஓர் அறிவிப்பில், நாணில் பொருந்தும் குதையில் மட்டும் ஏதேனும் ஒட்டியிருக்குமோ என்று அவன் ஐயுறுவதாகவும் வருகிறது. நஸ்ல், ரிஸாஃப், நளிய்யு, குதத் என்று தலையிலிருந்து வால்வரை வரிசை பிறழாமல் அம்பின் உறுப்புகள் பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றன. வேட்டைக்காரன் எய்த பிறகு உண்மையாகவே செய்வது இது. அம்பில் இரத்தம் உள்ளதா, இரைப்பையின் கழிவு உள்ளதா என்று பார்த்துத்தான் பிராணி எங்கே அடிபட்டது, எவ்வளவு நேரம் காத்திருந்து தடம் தொடர வேண்டும் என்று அவன் முடிவு செய்வான். மொட்டை முனையோ, எடை போதாத அம்போ இப்படி ஊடுருவிப் போகாது. தீட்டிய அலகும் தக்க கனமும் சேர்ந்த அம்பு மட்டுமே இந்த உவமைக்கு ஈடு கொடுக்கும். கேட்ட தோழர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. விளக்கம் தேவைப்படுபவர்கள் நாம்தான்.

இனி சட்டத்துக்குத் திரும்பலாம். எடை வேண்டும் என்று வில்லாளி சொல்கிறான். எடையால் இறந்தது ஆகாது என்று ஃபிக்ஹு சொல்கிறது. இரண்டும் முரணா? அல்ல. நவவீ இமாமவர்கள் கனமான பொருளைத் தனியாகவும் கூரிய பொருளின் கனத்தைத் தனியாகவும் பிரித்துச் சொன்னதன் நுட்பம் இங்கேதான் விளங்குகிறது. கனம் கூரை உள்ளே செலுத்துமானால் அது கூரின் பணியாள், கொன்றது கூரே. கூர் மழுங்கி, கனமே நசுக்கிக் கொல்லுமானால் கையில் இருப்பது கத்தியாயினும் அம்பாயினும் தடிக்கம்பின் வேலையைத்தான் அது செய்கிறது. அறுப்பவனின் அழுத்தத்தால் மட்டுமே வெட்டும் மழுங்கிய கத்தியையும் விரிவுரையாளர்கள் இதனோடு சேர்க்கின்றனர். மின்ஹாஜின் அடுத்த வாசகம் இன்னும் கடுமையானது. அலகு காயப்படுத்தி, செல்லும்போது அம்பின் அகலமும் தாக்கி, இரண்டாலும் இறந்திருந்தால் அதுவும் கூடாது. ஐயத்துக்கிடமான கொலையை விலக்குவது என்ற நெறி அது. ஆனால் வானில் பறக்கும் பறவை அம்பு பட்டுத் தரையில் விழுந்து இறந்தால் கூடும். பறவை விழாமல் என்ன செய்யும்?

எல்லாரும் இவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். மக்ஹூல், அவ்ஸாயீ முதலிய சிரியா நாட்டுச் சட்ட அறிஞர்கள் மிஅராள் எப்படித் தாக்கிக் கொன்றாலும் உண்ணலாம் என்று கருதினார்கள் என்பதை நவவீ இமாமே பதிவு செய்கிறார்கள். ஆயினும் அதீ (ரலி) அவர்களின் ஹதீஸ் தெளிவாக இருந்தமையால் நான்கு மத்ஹபுகளின் பெரும்போக்கு மறுபக்கமே நின்றது. கூரின் மீதான இந்த வற்புறுத்தலுக்குப் பின்னால் இரத்தம் வெளியேறுவது மட்டுமன்றி இரக்கமும் இருக்கிறது. அறுப்பவன் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்பதும், உயிருள்ளதை இலக்காகக் கட்டிவைத்து எய்யக்கூடாது என்பதும் இதே மார்க்கத்தின் கட்டளைகள்.

சட்டம் ஒருபுறம் நிற்க, அரசர்களின் பொழுதுபோக்கு வேறுபுறம் ஓடியது. களிமண்ணை உருட்டி உலர்த்திய ‘புந்துக்’ என்னும் உருண்டையை வில்லில் வைத்துப் பறவைகளை அடிப்பது பக்தாதில் பெரும் கலையாக வளர்ந்தது. 1180 முதல் 1225 வரை ஆண்ட அப்பாஸிய கலீஃபா அந்நாஸிர் அதன் தலைவராகவே தம்மை ஆக்கிக்கொண்டார். குறிப்பிட்ட பதினான்கு வகைப் பறவைகளை வீழ்த்துவது அக்குழுவினரின் பெருமை. அப்படி அடிபட்டுச் செத்தது மவ்கூதாவே என்ற இப்னு உமர் (ரலி) அவர்களின் கருத்தை இமாம் புகாரீ தம் நூலில் அதற்கு முன்பே எடுத்தெழுதியிருந்தார்கள். உயிரோடு எடுத்து அறுத்தாலன்றி அந்தப் பறவைகளை உண்ண வழியில்லை. கலீஃபாவின் மேசையில் அவை எப்படி வந்தன என்று கேட்பது வரலாற்றாசிரியருக்கு ஆபத்தான வேலையாக இருந்திருக்கும்.

கொட்டை ஒன்றின் பெயராக இருந்து களிமண் உருண்டையின் பெயரான அதே ‘புந்துக்’ பின்னர்த் துப்பாக்கிக் குண்டுக்கும் துப்பாக்கிக்கும் பெயராயிற்று. (நம் ‘துப்பாக்கி’யே துருக்கியிலிருந்து வந்த சொல்தான்.) பெயர் மாறாததால் பழைய சட்டமும் அப்படியே பொருந்துமா என்ற வினா எழுந்தது. ஒரே காலத்தில் வாழ்ந்த இரு பெரியார்கள் இருவேறு விடை தந்தனர். ஹிஜ்ரி 1252இல் மறைந்த டமாஸ்கஸ் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், ஈயக்குண்டுக்குக் கூர் இல்லை, அது சுட்டெரிப்பதாலும் வேகத்தோடு தள்ளப்படும் கனத்தாலும் காயப்படுத்துகிறது, எனவே ஆகாது என்றார். ஹிஜ்ரி 1250இல் மறைந்த ஏமன் அறிஞர் ஷவ்கானீ, தம் தஃப்ஸீரில் மவ்கூதா பற்றிய வசனத்தின்கீழ், முன்னோர் இதைப் பற்றிப் பேசாததற்குக் காரணம் இக்கருவி ஏமனுக்கு ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில்தான் வந்தது என்று குறிப்பிட்டு, குண்டு ஒருபுறம் துளைத்து மறுபுறம் வெளியேறுகிறது, ஹதீஸ் கேட்பது துளைப்பதைத்தான், எனவே ஆகும் என்றார். மாலிக்கீ அறிஞர்களில் பலரும் பிற்காலத்தவர் பலரும் இந்தப் பக்கமே நின்றனர்.

இருவரும் ஒரே ஹதீஸை வைத்துக்கொண்டு ஒரே பொருளைப் பார்த்தவர்கள். ஒருவர் அதன் முனையைப் பார்த்தார், மற்றவர் அது செய்த துளையைப் பார்த்தார். எனக்கு ஷவ்கானீயின் வாதமே வலுவாகப் படுகிறது. ஆனால் இப்னு ஆபிதீனின் கேள்வியை எளிதில் ஒதுக்கவும் மனம் வரவில்லை. சிற்றூர்களில் காற்றுத் துப்பாக்கியால் கொக்கையும் நாரையையும் அடிக்கும் இளைஞர்களைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்தச் சிறிய மொட்டைக் குண்டு பறவையை ஊடுருவிக் கொல்கிறதா, அடித்துக் கொல்கிறதா? பல நேரங்களில் உள்ளே தங்கிவிடுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்நாட்டில் அவற்றைச் சுடுவதே குற்றம் என்பதைத்தான் முதலில் சொல்வேன். அதற்குப் பிறகும் ஃபிக்ஹை வற்புறுத்திக் கேட்பவரிடம், அடிபட்ட பறவையின் காயத்தை நீங்கள் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்பேன். இதுவரை எவரும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

இவ்வாண்டு அந்தப் பாடம் வந்தபோது மூங்கில் குச்சிகள் மூன்றை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். ஒன்று வெறும் குச்சி. ஒன்றின் தலையில் ஈரக் களிமண் உருண்டை. மூன்றாவதன் தலையில் கொல்லரிடம் சொல்லித் தட்டி வாங்கிய இலை வடிவத் தகடு, நூலால் இறுகச் சுற்றியது, வாலில் கோழியிறகு. கல்லூரி முற்றத்தில் வில் இல்லாமல் கையாலேயே எறிந்து பார்த்தோம். முதலாவது பாதியில் குறுக்கே திரும்பி வேப்பமரத்தில் அகலவாட்டில் மோதி விழுந்தது. கேள்வி கேட்ட அந்த மாணவர் இப்போது மேல்வகுப்பில் இருக்கிறார். அவரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். “மிஅராள்!” என்று அவர்தான் முதலில் கூவினார்.